கட்டம் போட்ட நோட்டு

வாய்க்கரிசிக்குப் பச்சரிசி கேட்டு நான்கு பேர் நான்கு தடவை குரல் கொடுத்துவிட்டார்கள். இளவரசி அரிசி டிரம்முக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். மூடியைத் திறக்க அதன் மேலிருந்த நோட்டை எடுக்க வேண்டும். எடுத்தால் எங்கே வைப்பது? அடுப்பு மேடையில் யாரோ மாலைப் பொட்டலங்களை அடுக்கியிருந்தார்கள். அலமாரியில் யாருடையதோ கைப்பை. பதினெட்டு வருடமாக அவள் ஒருத்தியாகப் புழங்கிய சமையலறையில் ஒரு நோட்டுக்கு இடமில்லாமல் போயிருந்தது.

நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூடியைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் ராஜவேல் உள்ளே வந்தான்.

"இங்கியா இருக்கு? அரைமணி நேரமா பீரோவ கொட்டித் தேடிட்டு இருக்கேன்."

எதற்கு என்று கேட்டாள்.

"அப்பா கூட அனுப்பத்தான். அவரு உசுரே இதுலதான இருந்துச்சு."

இருக்கட்டும், ஞாபகமாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தாள். ஞாபகத்துக்குப் போட்டோ இருக்கிறது என்றான் அவன். சொல்லும்போதே குரல் உடைந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அழுகிற ஆளிடமிருந்து எதைத்தான் பிடுங்குவது. அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவள் கக்கத்திலிருந்து நோட்டை உருவி, கைக்குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனான்.

அது கட்டம் போட்ட கணக்கு நோட்டு. அதில் இன்னும் பத்திரிகைக்கு அனுப்பாத முப்பத்தொரு குறுக்கெழுத்துப் புதிர்கள் இருந்தன. ஒன்றுகூட செத்துப்போனவர் போட்டதில்லை. முப்பத்தொன்றும் இளவரசி போட்டது. மூன்று மணிக்குப் பாடை எடுத்தால் நாலரைக்குள் அத்தனையும் கெடிலம் ஆற்றங்கரையில் எரிந்து முடிந்திருக்கும்.

செத்துப்போனவர் கலியபெருமாள், அவளுடைய மாமனார். எழுபத்தொன்பது வயது. காலையில் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்த இளவரசி கூப்பிட்டுப் பார்த்தாள். மூச்சு இல்லை. கடலூர் முதுநகரில் அவருக்குக் 'கட்டக்காரர்' என்று பெயர். தபால் பிரிக்கிற வேலையில் இருந்தவர். சதுரம் சதுரமாகத் தடுத்த மரப் பிறைகளில் ஊர்வாரியாகக் கடிதங்களை எறிந்து பழகிய கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. சிதம்பரத்தில் அச்சாகும் 'கடல்முரசு' நாளிதழுக்குக் குறுக்கெழுத்து போட ஆரம்பித்தார். தினம் ஒரு தலைப்பு. அன்றைய பதில்களெல்லாம் அந்தத் தலைப்புக்குள் வர வேண்டும். ஆறுகள், ரயில் நிலையங்கள், தாலுகாக்கள் என்று முப்பது வருடம். கீழே பொடி எழுத்தில் 'ஆக்கம்: கலியபெருமாள், கடலூர்'.

ஐந்து வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கை போனதைக்கூட மனிதர் தாங்கிக்கொண்டார். எந்த எழுத்தை எந்தக் கட்டத்தில் வைத்தோம் என்பது நினைவில் நிற்காமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல இளவரசி எழுதினாள். ஆனால் கட்டம் சேரவில்லை. இடமிருந்து வலம் சரியாக வந்தால் மேலிருந்து கீழ் இடித்தது. பத்திரிகை ஆபீஸில் கொடுத்து வைத்திருந்த கையிருப்பு தீர இன்னும் நான்கே நாள் என்ற நிலையில், கஞ்சித் தம்ளரைக் கண்டாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கிழவரைச் சாப்பிட வைக்க வேண்டும். அவளுக்கு இருந்த எண்ணம் அவ்வளவுதான். சோறு கொதிக்கிற நேரத்தில் அடுப்படியில் நின்றபடியே ஒன்று போட்டாள். தலைப்பு, காய்கறி. சிதம்பரத்தில் கணிதம் படித்தவள், கட்டம் அவளுக்குப் புதிதல்ல. அவர் இடது கை விரலை ஒவ்வொரு கட்டத்திலும் வைத்து வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். பென்சிலை இடது கையில் வாங்கி, கோணல்மாணலாகக் கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு கஞ்சி குடித்தார். மறுநாள் காலை அவள் முகம் கழுவிவிட வந்தபோது கேட்டார்:

"நாளைக்கு என்னா தலைப்பு?"

ஐந்து வருடம் தினமும் கேட்டார். நேற்றுக் காலையும் கேட்டார்.

அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், வேறு ஒருவருக்கும் தெரியாது. ராஜவேல் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவன். அப்பா சொல்கிறார், இவள் எழுதுகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். பத்திரிகையில் அந்தப் பக்கத்தை அவன் திருப்பியதே இல்லை. இரண்டு வருடம் முன்பு பத்திரிகை ஆசிரியர் கண்ணாயிரம் சிதம்பரத்திலிருந்து வந்து கலியபெருமாளுக்குப் பொன்னாடை போர்த்தினார். இந்த வயதிலும் மூளை கூர் மழுங்கவில்லை, முன்னைவிட இப்போதுதான் புதிர்கள் சுவாரசியம் என்று பேசினார். அதற்கு முந்தின நாள்தான், உன் பேரையும் சேர்த்துப் போடச் சொல்கிறேன் என்று மாமனார் அவளிடம் சொல்லியிருந்தார். இளவரசி காபித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றாள். மாமனார் அதைப் பற்றி வாய் திறக்கவேயில்லை. எல்லோரும் போன பிறகு பொன்னாடையை மடித்து அவளிடம் நீட்டி, "இதை நீயே வச்சுக்க" என்றார். அவர் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். அன்று ராத்திரி அவளுக்கு வந்த கோபம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பொன்னாடை அரிசி டிரம்முக்கு உறையாகிவிட்டது. அதன் மேல்தான் நோட்டு இருக்கும்.

ஆனால் அந்த நோட்டு இல்லாமல் அவள் அந்த வீட்டில் எப்படி இருந்திருப்பாள்? ஐந்து வருடமாக அவரை விட்டுத் தெருமுனைக் கடையைத் தாண்டிப் போனதில்லை. ஆரம்பத்தில் ஒரு வருடம் மட்டும் பத்து நாளுக்கு ஒருதரம் புதிர்களைக் கவரில் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறுவாள். எதிர்வீட்டு மங்கலக்கா வந்து மாமனாருக்குக் காவலாக உட்கார்ந்துகொள்வாள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கட்டாயம் ஜன்னலோரம். ஆபீஸில் கவரைக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் நின்று தனியாக ஒரு டீ குடிப்பாள். யாரும் யாரையும் கவனிக்காத அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு அடுத்த பத்து நாளுக்கான தலைப்புகளை யோசிப்பாள். பிறகு ராஜவேல் புதுப் போன் வாங்கினான். எதுக்கு அலையறே, போட்டோ எடுத்து அனுப்பிடலாம் என்றான். நல்லதுக்குத்தான் சொன்னான். அதோடு சிதம்பரம் முடிந்தது.

காலையிலிருந்து வருகிற பெண்களெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி சொன்னார்கள். இனிமே உனக்கு ஓய்வுதான், எவ்வளவு செஞ்சே, இனிமே நிம்மதியா இரு. அவளுக்கு அது தண்டனையைப் படித்துக் காட்டுவது போல இருந்தது. அந்த மனிதர்தான் அவளுக்குப் பூட்டு. ஒரே ஒரு ஜன்னல் இருந்ததென்றால் அதுவும் அவர் பெயரில்தான் இருந்தது.

பச்சரிசியை அலசி, மஞ்சள் போட்டுப் பிசறி, தட்டில் கொட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஃப்ரீசர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் மாமனார் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார். பெட்டியின் தலைமாட்டில் விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதன் மேல் நோட்டு. அதன் மேல் அவருடைய பென்சில். ராஜவேல் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களிடம் அதைக் காட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் நோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். திறந்துதான் ஒருவரும் பார்க்கவில்லை.

வெளியே பந்தலில் ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எலக்ட்ரீஷியன் சின்னையன், மடியில் அன்றைய கடல்முரசு, கையில் பேனா. கட்டக்காரருக்கு மரியாதை செய்வதாக இன்றைய குறுக்கெழுத்தை எல்லோருமாக விடுவித்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பு, அடுப்பங்கரை. போன மாதம் இளவரசி போட்டது. வாசற்படி ஓரமாக நின்று அவள் கேட்டாள். அவள் போட்ட கட்டத்தை நாலு பேர் உட்கார்ந்து அவிழ்ப்பதை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறாள். துக்க வீடு என்பதையும் மறந்து கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

ஒன்றில் மாட்டிக்கொண்டார்கள். சின்னையன் சத்தமாகப் படித்தார்: "கை சுடாமல் பாத்திரம் இறக்க அடுப்பங்கரையில் எப்போதும் கிடப்பது. அஞ்சு கட்டம்."

இடுக்கி என்றார் ஒருவர். இடுக்கிக்கு நாலு கட்டம்தான் வரும். மேலிருந்து கீழ் 'கடுகு' என்று ஏற்கெனவே போட்டாகிவிட்டது, அதன்படி முதல் எழுத்து 'க'. குறடா என்றார் இன்னொருவர். அதற்கு மூன்றுதான். கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு, கட்டம்தான் தப்பு என்று முடிவு கட்டினார்கள்.

"இடுக்கின்னுதான் நெனச்சிருக்காரு. எண்ணிக்கை தப்பிப் போச்சு. பாவம், கடைசி காலம் இல்லியா" என்றார் சின்னையன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

நாற்பது வருடமாக மனைவி கையால் சாப்பிடுகிற ஆண்கள். அடுப்பிலிருந்து சோற்றுப்பானை தானாக இறங்கி வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களா? படியில் நின்றபடி பதிலை உரக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம்தான். உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவன் கேட்டால் என்ன சொல்வது. ஃப்ரீசர் பெட்டிக்குள் இருக்கிறவரைத் திரும்பிப் பார்த்தாள். பதிலைச் சொல்லாமலே உள்ளே போனாள்.

பன்னிரண்டு மணிக்குக் கண்ணாயிரம் சிதம்பரத்திலிருந்து வந்தார். ரோஜா மாலை போட்டு, கண் மூடி நின்று, ராஜவேலைக் கட்டிக்கொண்டார். காலையிலேயே போனில் இரண்டு பேரும் பேசி முடித்திருந்தார்கள். கையில் இன்னும் பதினோரு புதிர் இருக்கிறது, அதை வரிசையாகப் போட்டுவிட்டு நிறுத்திவிடுவது. நாளைக்கு முதல் பக்கத்தில் பெட்டிச் செய்தி. அவர் எழுதி வந்ததை ராஜவேலுக்குப் படித்துக் காட்டினார். இந்தப் புதிர் அவருக்குப் பின் யாராலும் தொடர முடியாதது, ஆகவே அவருடனேயே நிறைவு பெறுகிறது என்று முடிந்தது. ராஜவேல் தலையாட்டினான். அப்பாவுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும் என்று மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கண்ணாயிரம் தண்ணீர் கேட்டார். இளவரசியே சொம்பில் கொண்டுபோனாள். பந்தல்கால் ஓரமாக நின்று குடித்தார். நீங்கதான முன்னல்லாம் கவர் கொண்டு வந்து குடுப்பீங்க என்று அடையாளம் கண்டுகொண்டார். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"சார், நிறுத்த வேணாம். நான் போட்டுத் தரேன்."

அவர் சொம்பை இறக்கிவிட்டு அவளைப் பரிவாகப் பார்த்தார். "நல்ல மனசும்மா. ஆனா அவரு மாதிரி வராது."

"வரும் சார். அஞ்சு வருஷமா..."

ராஜவேல் பாடைக்குக் கொண்டுவந்த கயிற்றோடு பின்னால் வந்து நின்றிருந்தான். என்னவென்று கேட்டான். ஒண்ணுமில்ல தம்பி, மாமனார் பேரைக் காப்பாத்தணும்னு நினைக்கிறாங்க என்றார் கண்ணாயிரம்.

"அப்பா சொல்லச் சொல்ல எழுதுவா சார். எழுதி எழுதி அவளுக்கும் ஒரு பழக்கமாயிருச்சு" என்றான் ராஜவேல். அதில் ஏளனம் இல்லை. பிரியமாகத்தான் சொன்னான். அதுதான் அவளைக் கட்டிப்போட்டது. அவன் தோளுக்கு மேலே கூடத்தின் வெளிச்சம் தெரிந்தது. ஊரே கும்பிட்டுவிட்டுப் போகிற பிணத்தைக் காட்டி, இவர் ஐந்து வருடமாக ஏமாற்றினார் என்று சொல்ல வேண்டும். அதையும் அவர் பிள்ளையிடம், அவன் கையில் பாடைக்கயிறு இருக்கும்போது.

கண்ணாயிரம் ஆறுதலாகச் சொன்னார்: "இன்னிக்குக் கட்டத்துலயே ஒரு தப்பும்மா. சின்னையன் காட்டினாரு. கடைசில தளந்துட்டாரு. இதோட நிறுத்திக்கறதுதான் அவருக்கும் கௌரவம்."

அவள் சொம்பை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. பந்தலில் இருப்பவர்களுக்குக் காபி எதிர்வீட்டு மங்கலக்கா போட்டுக்கொண்டு வந்தாள். ஐம்பத்தைந்து வயது. வீட்டிலேயே கிரைண்டர் வைத்து மாவு அரைத்து விற்பவள். பெரிய எவர்சில்வர் பாத்திரம் நிறையக் காபி. அதன் விளிம்பை ஒரு பழைய துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாக வந்தாள். சின்னையனின் தம்ளரில் ஊற்றும்போது அவர் மடியில் கிடந்த பேப்பரைப் பார்த்தாள்.

"அண்ணே, அது ஏன் காலியா இருக்கு?"

கட்டம் தப்பு என்று விளக்கினார் சின்னையன். மங்கலம் காபியை ஊற்றி முடித்தாள்.

"தப்புல்லாம் ஒண்ணுமில்ல. கரித்துணி." பாத்திரத்தைப் பிடித்திருந்த கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். "எண்ணிப் பாருங்க, அஞ்சு வரும்."

நாலைந்து தலைகள் அவள் கையிலிருந்த அழுக்குத் துணியைப் பார்த்தன. சின்னையன் விரல் விட்டு எண்ணி, ஒவ்வொரு கட்டமாக எழுதினார். கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாயிரம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். சாகிற வரைக்கும் ஒரு தப்பு பண்ணலியே இந்த மனுஷன் என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். அடுப்படி சமாச்சாரம்கூட எப்படித் தெரிந்து வைத்திருக்கிறார் பாருங்கள், இதைப் பெட்டிச் செய்தியில் சேர்க்க வேண்டும் என்று பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார்.

மங்கலம் அவரைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்ற இளவரசியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

இரண்டரைக்குக் குளிப்பாட்டினார்கள். புது வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, பாடையில் கிடத்தினார்கள். ராஜவேல் நோட்டை அப்பாவின் நெஞ்சின் மேல் வைத்தான். கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டியிருந்த இரண்டு கைகளுக்கும் அடியில் அதைச் சொருகி, விரல்களுக்கு நடுவே பென்சிலையும் நிறுத்தினான். கூட்டத்தில் ஒரு விம்மல் எழுந்தது. யாரோ போனில் படம் எடுத்தார்கள். சங்கு ஊதியது.

வாய்க்கரிசிக்கு வரிசையாகக் கூப்பிட்டார்கள். பிள்ளை போட்டான், பங்காளிகள் போட்டார்கள், பேத்தி, இளவரசியின் மகள் சினேகா கண்ணைப் பொத்திக்கொண்டே போட்டாள். இளவரசியின் முறை வந்தது. பாடையைச் சுற்றி வர வேண்டும், அரிசியை வாயில் இட வேண்டும், நகர்ந்துவிட வேண்டும். அவ்வளவு நேரம்தான் அவளுக்கு.

குனிந்து அரிசியைப் போட்டாள். மாமனாரின் முகம் சவரம் செய்து சுத்தமாக இருந்தது. நேற்றுச் சாயங்காலம் அவள்தான் சவரம் செய்துவிட்டாள். இனி காலையில் முகம் கழுவிவிடுகிற வேலை இல்லை. நாளைக்கு என்ன தலைப்பு என்று கேட்க ஆள் இல்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் மேலிருந்த கோபமும் அதே நேரத்தில் வந்தது. பொன்னாடையை நீட்டினீர்களே மாமா, அதற்குப் பதிலாக ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அவள் கை தானாகப் போய் நோட்டைப் பிடித்தது. இழுத்தாள். விறைத்த கைகளுக்கு அடியிலிருந்து அது எளிதில் வரவில்லை. பாடை லேசாக ஆடியது. பின்னால் நின்றவர்கள் ஏய், ஏய் என்றார்கள். இன்னொரு முறை இழுத்தாள். வந்துவிட்டது. பென்சில் சாய்ந்தது. அதை நிமிர்த்தி அவர் விரல்களுக்குள்ளேயே திரும்ப வைத்தாள். பென்சில் அவருடையதுதான்.

ராஜவேல் அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"இது என்னுதுங்க. நான் போட்டது. குடுக்க மாட்டேன்."

சத்தமாகத்தான் சொன்னாள். கூடத்திலிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. ஒரு கணம் சங்குகூட நின்றது. பிறகு ஒரு கிழவி ஓவென்று ஒப்பாரியை எடுத்தாள். பெத்த பொண்ணுக்குக்கூட இந்தப் பாசம் வராதே, மாமனாரைப் பிரிய மாட்டேங்கறாளே, புத்தி தடுமாறி என்னென்னவோ பேசறாளே என்று நாலு பேர் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். தலையைத் தடவினார்கள். கண்ணாயிரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வச்சுக்கட்டும், விடுங்க" என்றான் ராஜவேல். "அஞ்சு வருஷம் கூடவே இருந்தா. அவளுக்குத்தான் அது போய்ச் சேரணும்."

உள்ளதை உள்ளபடி உரக்கச் சொல்லியாகிவிட்டது. அதையும் அவர்கள் மாமனாருக்கே மாலையாகப் போட்டுவிட்டார்கள். பெண்களின் கைகளுக்கு நடுவில் மூச்சு முட்ட நின்றாள். பாடை எழுந்தது. வாசலைத் தாண்டியது. தெருமுனை வரை பெண்கள் போனார்கள். மேளச் சத்தம் கெடிலம் பக்கமாகத் திரும்பித் தேய்ந்தது.

திரும்பி வந்ததும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஒவ்வொருத்தியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். இளவரசி நோட்டைப் பொன்னாடையில் சுற்றி அரிசி டிரம்மின் மேல் வைத்துவிட்டுக் கடைசியாகக் குளிக்கப் போனாள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தபோது சமையலறையில் மங்கலம் மட்டும் இருந்தாள். கழுவிய தரையில் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பொன்னாடை பக்கத்தில் கிடந்தது. மடியில் நோட்டு, கையில் சினேகாவின் பள்ளிக்கூடப் பென்சில்.

இளவரசி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"முன்னல்லாம் ஆறு, ஊரு, ரயில்வே ஸ்டேஷன்னு வரும். எனக்கு ஒண்ணும் தெரியாது, பொட்டலம் மடிச்சுருவேன்" என்றாள் மங்கலம், தலையைத் தூக்காமலே. "அப்புறம் ஒரு நாளு, சிலிண்டர் மாத்தின தேதிய எங்க எழுதி வைப்பாங்கன்னு ஒரு கேள்வி. காலண்டர்னு எழுதிட்டு, இந்தத் தெருவுல எந்த ஆம்பளை சிலிண்டர் மாத்தறான்னு யோசிச்சேன். அன்னைலேந்து கிரைண்டர் ஓடற நேரத்துல நீ போடறதத்தான் நான் போட்டுட்டு இருக்கேன்."

நீ போடறது. ஐந்து வருடத்தில் ஒருவர் வாயிலிருந்தும் வராத சொல். இளவரசி மங்கலத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஈர முடியிலிருந்து தண்ணீர் முதுகில் இறங்கியது.

மங்கலம் நோட்டின் முதல் புதிரைப் பாதி முடித்திருந்தாள். தலைப்பு, பஸ் ஸ்டாண்டு. பென்சில் ஒரு கட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. முணுமுணுப்பாகப் படித்தாள்: "குடும்பத்தோடு ஏறினால் கிடைக்காது, தனியாக ஏறினால் கிடைக்கும். ஆறு கட்டம்." எழுதினாள், அழித்தாள், கூரையைப் பார்த்தாள். பதிலைச் சொல்ல இளவரசிக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு அந்தப் பென்சில் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜன்னலோரம்" என்றாள் மங்கலம் கடைசியில். எழுத்துகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள்.

பக்கத்தின் அடியில் 'ஆக்கம்' என்று எழுதி ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டின் மேல் காலி. கடைசி ஒரு மாதமாக மாமனாரின் இடது கையும் எழும்பவில்லை. முப்பத்தொரு பக்கத்திலும் அந்த இடம் அப்படியேதான் இருந்தது.

"இன்னும் பதினோரு நாளு இருக்குன்னு அந்த சாரு சொல்லிட்டு இருந்தாரு" என்றாள் மங்கலம். "போன்ல அனுப்பாத. நேர்ல கொண்டு போயி குடு."

நோட்டைத் திருப்பி அவள் பக்கமாகத் தள்ளினாள். பென்சிலை அதன் மேல் வைத்தாள். வாசலில் யாரோ, சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்புகிற நேரமாயிற்று, கால் கழுவத் தண்ணீர் எடுத்து வையுங்கள் என்று குரல் கொடுத்தார்கள். நான் வைக்கிறேன் என்று மங்கலம் சுவரைப் பிடித்து எழுந்து போனாள்.

பென்சில் முனை மழுங்கியிருந்தது. இளவரசி சினேகாவின் பெட்டியில் ஷார்ப்னரைத் தேடி எடுத்து, சீவ ஆரம்பித்தாள்.